தலைக்கவசத்துக்குள் மாமியார்

வனத்தொழில் பயிற்சிப் பள்ளியில் கருவி அறை அவள் கையில்தான் இருந்தது. ரம்பம், கோடரி, கயிறு, இரும்பு ஆப்பு எது வேண்டுமானாலும் அவள் முன்னால் வந்துதான் கை நீட்ட வேண்டும். மழுங்கிப்போன ரம்பத்தை மேசையில் இறுக்கிவைத்து, ஒவ்வொரு பல்லாக அரத்தால் ராவிக் கூராக்கித் தருவாள். அதனால் எல்லோருக்கும் அவள் அரம் அக்கா. இந்தப் பேர் கை வேலைக்கு வைத்ததா, நாக்குக்கு வைத்ததா என்பது பள்ளியில் இன்றுவரை முடிவாகாத விஷயம். அவளிடம் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாக்குக்குத்தான் என்று சத்தியம் செய்வார்கள்.

கணவர் அதே பள்ளியில் லாரி ஓட்டியவர். அவர் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, கைக்குழந்தையோடு நின்றவளுக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். பெருக்குகிற சாக்கில் கருவி அறையில் அதிக நேரம் நின்றாள். நின்று பார்த்ததைக் கையால் செய்தும் பார்த்தாள். பழைய பொறுப்பாளர் ஓய்வு பெற்றபோது, யாரும் கேட்காமலே சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. தன் வாழ்க்கையைப் பற்றி அவளுக்குப் பெரிய குறை ஒன்றும் கிடையாது. மகளைப் படிக்கவைத்தாள், சின்னதாக ஒரு வீடு கட்டினாள், வேலைக்குப் போகும் வழியில் பாட்டு முணுமுணுத்தாள். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். அது மாப்பிள்ளை.

மாப்பிள்ளையும் அதே பள்ளிதான். மரம் சாய்ப்பதைச் செய்து காட்டிக் கற்றுக்கொடுக்கிறவர். கல்யாணத்துக்கு வெகு முன்னால், பள்ளி வளாகத்தில் பட்டுப்போய் நின்ற ஒரு மரத்தை அவர் சாய்த்தார். மாணவர்கள், முதல்வர் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, மரம் ஒயிலாகத் திரும்பிக் கருவி அறைக் கூரைமேல் போய்ப் படுத்துக்கொண்டது. அக்கா அந்த நேரம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள், தப்பித்தாள். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மனிதர் முதல்வர் முன்னால் நிமிர்ந்து நின்று, "மரம் சரியாத்தான் சார் விழுந்திருக்கு. ஷெட்டைத்தான் தப்பான இடத்துல கட்டிட்டாங்க" என்று சொன்னார். அந்த மழைக்காலம் முழுக்க ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகி, அக்கா பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்த ரம்பங்கள் எல்லாம் துருப்பிடித்தன. அன்றிலிருந்து பள்ளியில் அவருக்குக் 'கூரை' என்று பேர் நிலைத்துவிட்டது.

பிறகொரு நாள் மகள் வந்து, தான் ஒருவரை விரும்புவதாகச் சொன்னாள்.

"யாரும்மா?"

"கூரையைத்தான்மா."

அக்கா அன்று பாதி வெந்த சோற்றோடு அடுப்பை அணைத்துவிட்டாள். மகள் ஆசைக்குக் குறுக்கே நிற்கிறவள் இல்லை அவள். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னாள், முன்னே நின்று நடத்தியும் வைத்தாள். ஆனால் மாப்பிள்ளையோடு பேசுவதாக அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. சண்டை கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. மாப்பிள்ளை வந்தால் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவாள். ஆனால் ஒரு வார்த்தை நேராகப் போகாது. "பாப்பா, அவரை இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லு" என்பாள். அவர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மாமியார் சொல்வது காதில் விழுந்தாலும், மனைவி ஒரு தடவை திருப்பிச் சொல்லும் வரைக்கும் விழாத மாதிரியே இருப்பார். மாமியாரின் மௌனத்துக்குத் தான் கொடுக்கிற மரியாதை அதுதான் என்று அவருக்கு ஒரு கணக்கு. "அத்தைகிட்ட போதும்னு சொல்லு" என்பார். அப்புறம்தான் தட்டை நகர்த்துவார்.

மகள் கர்ப்பமாகி, ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் வெடித்துவிட்டாள். "நான் என்ன தபால்காரியா? நாளைக்குக் குழந்தை பொறந்தா அதையும் உங்களுக்கு நடுவுல தபால் தூக்க விடுவீங்க. ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசற வரைக்கும் நான் உன் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரமாட்டேன். இங்கேயே இருந்துக்கறேன்" என்றாள். அக்கா அதற்குள் உள் அறையைச் சுத்தம் பண்ணி, ஜன்னலுக்கு வலை அடித்து, பழைய புடவைகளைத் துவைத்து மடித்துவைத்திருந்தாள். மகள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தத் துணிகளை அக்கா தினமும் எடுத்து உதறி, மறுபடி மடித்துவைத்தாள். ஆனால் வாய் மட்டும் வழிக்கு வரவில்லை. நாலு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, திடீரென்று என்னவென்று ஆரம்பிப்பது?

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டுப் பயணம் வந்தது. அங்கே ஒரு வனத்தொழில் பள்ளி, இங்கே இவர்கள் பள்ளி. அங்கிருந்து சிலர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது இவர்கள் முறை. மரம் சாய்க்கிறவர்களில் சிலர், கருவி பார்க்கிறவர்களில் சிலர் என்று முதல்வர் ஆட்களைப் பொறுக்கினார். அக்காவும் போனாள், மாப்பிள்ளையும் போனார். முதல்வர் தெரிந்துதான் செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று கேட்டால், அவர் மீசைக்குள்ளேயே சிரிப்பார்.

விமானத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மாப்பிள்ளையின் பை அக்காவின் காலடியில் இடித்தது. அக்கா ஜன்னலைப் பார்த்து, "இந்தப் பையை யாராவது கொஞ்சம் நகர்த்தினா தேவலை" என்றாள். மாப்பிள்ளை மனைவி இல்லாத இடத்தில் என்ன செய்வதென்று புரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கடைசியில் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே தூங்கினார்.

அந்த ஊர் அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. குளிர்தான், ஆனால் விடுதியில் ஈரக் காலணிகளைக் காயவைப்பதற்கென்றே சூடான ஒரு சின்ன அறை இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் வரிசையாகக் காலணிகள் வெதுவெதுப்பாக நிற்கும். காலை உள்ளே விடும்போது அவளுக்குச் சிரிப்பு வரும், அவ்வளவு சுகம். ரம்பப் பல்லைத் தானே ராவிவிடும் ஒரு மெஷினைக் காட்டினார்கள். அவள் அரை நாள் எடுத்துச் செய்கிறதை அது டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டது. மற்றவர்கள் அக்கா முகத்தைச் சங்கடத்தோடு பார்த்தார்கள். அக்கா, "இது முன்னாடியே இருந்திருந்தா என் முதுகு நிமிர்ந்திருக்குமே!" என்று அதைத் தடவிக் கொடுத்தாள். காட்டுக்குள் இன்னொரு ராட்சச வண்டி நின்றது. மரத்தை இடுப்பில் பிடித்து, அறுத்து, படுக்கப்போட்டு, கிளைகளை உருவி, வெள்ளரிக்காய் மாதிரி துண்டு போட்டு அடுக்கியது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் அந்த வண்டி செங்குத்தான சரிவில் ஏறாது. அங்கே இன்னும் மனிதர்கள்தான். ஒருவர் அறுப்பார், இன்னொருவர் தள்ளி நின்று மேலே கிளைகளையும் சுற்றுப்புறத்தையும் கவனிப்பார். பயிற்சியாளர் ஆள் பனைமரம் மாதிரி இருந்ததால், முதல் நாளே அவருக்கு நெட்டை வாத்தியார் என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல, அந்த ஊரிலேயே வளர்ந்த ஒரு இளம்பெண் கூடவே வந்தாள். அக்காவும் மாப்பிள்ளையும் உறவு என்று தெரிந்ததும் வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம்.

"சொந்தக்காரங்களா இருந்தா ரொம்ப நல்லதுன்னு சொல்றார். நம்ம மேல அக்கறை இருக்கிறவங்கதான் நம்மளை நல்லாக் கவனிப்பாங்களாம். அதனால நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடி" என்றாள் பெண்.

பின்னால் நின்ற நம் ஊர் ஆட்கள் இருமுவது போலச் சிரித்தார்கள்.

அங்கே தலைக்கவசத்துக்குள்ளேயே பேசும் கருவி இருக்கிறது. ரம்பச் சத்தத்துக்குக் காதை மூடிக்கொண்டாலும் ஜோடி ஆளின் குரல் உள்ளே கேட்கும். அறுக்கிறவர் ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாலும் கூப்பிட வேண்டும், பார்க்கிறவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் மோட்டார் ரம்பத்தை அணைத்துவிட்டு, அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

முதல் நாள் மாப்பிள்ளை முறைப்படி கூப்பிட்டார். "அத்தை?"

தலைக்குள்ளேயே மாப்பிள்ளை குரல் கேட்டதும் அக்கா திடுக்கிட்டாள். பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை ரம்பத்தை அணைத்துவிட்டுச் சரிவில் ஏறி வந்து, அவள் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு, இறங்கிப் போனார். மறுபடி "அத்தை?" மறுபடி மௌனம். மறுபடி ஏறி வந்தார். மற்ற ஜோடிகள் மரம் மரமாகச் சாய்த்துக்கொண்டிருக்க, இந்த ஜோடி மதியம் வரைக்கும் ஒரு மரத்தின் பட்டையைக்கூட உரிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு முழங்கால் கழன்றுவிட்டது.

அக்கா மொழிபெயர்க்கும் பெண்ணிடம், "அம்மா, அவரை இவ்ளோ தடவை ஏறி வர வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

பெண் அவளையும் பார்த்தாள், மாப்பிள்ளையையும் பார்த்தாள். "அம்மா, அவருக்கும் தமிழ் தெரியுமே? நான் எந்த மொழியில சொல்றது?"

"தமிழ்லதான். நீ சொல்லு."

பெண் சொன்னாள். மாப்பிள்ளை, "சரின்னு சொல்லுங்க" என்றார். பெண் அதையும் திரும்பி வந்து சொன்னாள். இரண்டு மொழி படித்த பெண், ஒரே மொழிக்கு இப்படி நடையாய் நடப்போம் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

மறுநாள் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். "அத்தை?" என்றால் "க்கும்" என்று ஒரு இருமல். மாப்பிள்ளையும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு வெட்டினார். தன் கருவியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த வாத்தியார், பாவம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளை நர்ஸிடம் அனுப்பிவைத்தார். கசப்பு மருந்து ஒரு பாட்டில் வந்தது. அதைக் குடித்த பிறகு அக்கா இருமலைக் கைவிட்டாள். அடுத்து வந்தது மொட்டைப் பேச்சு. "இங்கே எல்லாம் சரியா இருக்கு" என்று மரத்தைப் பார்த்துச் சொல்வாள். "மேலே ஒண்ணும் இல்ல" என்று வானத்திடம் சொல்வாள். யாரிடம் சொல்கிறாள் என்பது மட்டும் அதில் இருக்காது. தமிழ் தெரியாத வாத்தியாருக்குப் பதில் வந்தால் போதும். தமிழ் தெரிந்த பெண்ணோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இப்படியே ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் அக்கா நினைத்தாள். ஆனால் சாயங்காலம் காலணியைக் கழற்றும்போது மகள் முகம் நினைவுக்கு வரும். இது பேச்சு ஆகாது என்று அவளுக்கே தெரியும். அந்தக் காலி அறைக்கும் மடித்த புடவைகளுக்கும் வானத்திடம் பேசினால் போதுமா?

பயிற்சி முடியப்போகிற சமயம். நல்ல உயரமான ஊசியிலை மரம் ஒன்று. மாப்பிள்ளை விழ வேண்டிய பக்கம் முன்வெட்டும் எதிர்ப்பக்கம் பின்வெட்டும் போட்டுவிட்டு, ரம்பத்தை வைத்துவிட்டு, பின்வெட்டில் ஆப்பைச் சொருகிச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மரத்தில் எப்போதோ முறிந்த ஒரு காய்ந்த கிளை இலைகளுக்குள் மாட்டிக் கிடந்தது. காலையிலிருந்து அது யார் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மரங்கள் அதிர, கிளை கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. கீழே நேராக மாப்பிள்ளையின் முதுகு.

அக்கா பார்த்துவிட்டாள். பார்த்த நொடியில் நாலு வருஷப் பழக்கம் அவள் தலையைப் பக்கத்தில் நின்ற பெண் பக்கம் திருப்பியது.

"அம்மா, அவரைத் தள்ளி வரச் சொல்லு! சீக்கிரம் சொல்லு!"

இது மாப்பிள்ளைக்குத் தலைக்கவசத்துக்குள் தெளிவாகக் கேட்டது. கேட்டும் அவர் நகரவில்லை. அவருக்கும் அதே நாலு வருஷப் பழக்கம். மாமியார் யாரிடமோ தன்னைப் பற்றி ஏதோ சொல்கிறார், சொல்ல வேண்டியவர் வந்து சொல்லட்டும் என்று சுத்தியலைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார். பெண் வாயைத் திறந்து கத்தினாள். அவளிடம் கருவி கிடையாது, அவர் காதோ மூடியிருந்தது.

அவர் காத்திருக்கிறார் என்பது அக்காவுக்குப் புரிந்தது. அடி வயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய்! ஓடுடா! பின்னால ஓடுடா!"

மாப்பிள்ளை சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார். கிளை வந்து இறங்கியது. அவர் நின்ற இடத்தில் சுத்தியல் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

அக்கா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கூரைக்காக, ஒரு தகரக் கூரைக்காக என் மகளோட புருஷனைக் கொல்லப் பார்த்தேனே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அப்புறம்தான் தான் என்ன வார்த்தை சொன்னோம் என்பதே நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளையைப் போய் 'டேய்'!

அங்கே இப்படி ஏதாவது நடந்தால் வேலையை நிறுத்தி, எல்லோரும் உட்கார்ந்து சூடாக எதையாவது குடித்துக்கொண்டு, நடந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாத்தியார் கேட்கக் கேட்க, பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் எச்சரிக்கை அவர் காதில் விழவில்லையா? விழுந்தது. புரியவில்லையா? புரிந்தது. பிறகு ஏன் நகரவில்லை? நான் வந்து சொல்வேன் என்று காத்திருந்தார். நீ எதற்குச் சொல்ல வேண்டும்? அவர்கள் வீட்டில் அப்படித்தான். வாத்தியார் தலைக்கவசத்தைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டார். நெடுநேரம் யோசித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"நாளையிலிருந்து என்னை பஸ்லயே இருக்கச் சொல்லிட்டார்" என்றாள் பெண். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் சரிவில் இவர்கள் இருவர் மட்டும். மாப்பிள்ளை முதல் வெட்டுக்கு முன்னால் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் பயந்திருந்தது.

"அத்தை?"

"இருக்கேன் மாப்பிள்ளை. மேலே சுத்தமா இருக்கு. வெட்டுங்க."

மாப்பிள்ளை முதல் வெட்டைப் போட்டு முடித்தார். பிறகு அக்காவே சொன்னாள். "நேத்து வாய் தவறிடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

"நாலு வருஷம் கழிச்சு வாயைத் திறந்தீங்க, அதுவும் டேய்னா அத்தை?"

"பின்னே? மாப்பிள்ளை அவர்களே, கொஞ்சம் தள்ளி வர்றீங்களான்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள கிளை தலையில இறங்கியிருக்கும்!"

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு அவள் காதுக்குள் அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். அணை உடைந்துவிட்டது. அதன் பிறகு அக்கா நிறுத்தவே இல்லை. நாலு வருஷமும் அதற்கு முந்தியதும் சேர்ந்து வந்தது. கூரை ஒழுகியது, ரம்பம் துருப்பிடித்தது, ஷெட்டைத் தப்பான இடத்தில் கட்டியதாகச் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது, பதில் சொல்லாமலும் இருக்கக் கூடாது. எல்லாம் சட்டம். மாப்பிள்ளை ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் "ஆமா அத்தை", "தப்புதான் அத்தை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று அவர்கள் ஜோடிதான் அதிக மரம் சாய்த்தது. ஒரு மரம்கூட ஒரு சாண் விலகவில்லை.

அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. "இவ்ளோ நேரா சாய்க்கறீங்களே, அன்னிக்கு மட்டும் என் கூரை மேல எப்படிப் போச்சு?"

காதுக்குள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"பதில் வரலைன்னா நான் இறங்கி வந்து பார்ப்பேன். சட்டம் அதுதான்."

"சொல்றேன் அத்தை. அன்னிக்கு உங்களுக்குச் சாப்பாட்டுப் பையோட உங்க பொண்ணு கேட் வழியா வந்தாங்க. அதுக்கு முன்னாடி நான் அவங்களைப் பார்த்ததே இல்ல. திரும்பிப் பார்த்தேன். மரமும் கூடவே திரும்பிடுச்சு. எல்லார் முன்னாடியும் அதைச் சொல்ல முடியுமா? ஷெட் மேல பழியைப் போட்டுட்டேன்."

அக்கா கையைத் தலைக்கவசத்தின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் இத்தனை வருஷம் சபித்த அந்த மரம்தான் மகளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்திருக்கிறது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மனசு லேசாகிவிட்டது.

அன்று சாயங்காலம் விடுதிச் சமையலறையில் எல்லோரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது மகளிடமிருந்து அழைப்பு வந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். மகள் குரலில் வழக்கமான அலுப்பு.

"சொல்லும்மா. அவர்கிட்ட என்ன சொல்லணும்?"

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன்கிட்டதான் கேக்கணும். கூரை மேல மரம் விழுந்த அன்னிக்கு, கேட்ல வர்றப்போ நீயும் அந்தப் பக்கம் பார்த்தியா, இல்ல இவன் மட்டும்தான் பார்த்தானா?"

மகள் குரலில் இருந்த அலுப்பு போன இடம் தெரியவில்லை.

"யாரும்மா சொன்னது?"

"இவன்தான். காலையிலிருந்து என் காதுக்குள்ளேயே உக்காந்து பேசிட்டு இருக்கான்."

மகள் ஏதோ சொல்ல வந்தாள். விசும்பல் சத்தம்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த ரூம் ஜன்னலுக்குத் திரை போட்டியாம்மா? வெயில் நேரா மூஞ்சில அடிக்கும், எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வந்ததும் போட்டுடறேன் பாப்பா" என்றாள். மாப்பிள்ளை முட்டையை வைத்துவிட்டுப் பதற்றமாக எட்டிப் பார்த்தார்.

"என்ன அத்தை, அழறாளா? அழ வேண்டாம்னு சொல்லுங்க."

அக்கா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அவர் கையில் திணித்தாள்.

"நீயே சொல்லுடா. நான் என்ன தபால்காரியா?"